டென்மார்க் மழையில் ஒரு பகல் தூக்கம்

அன்புள்ள சம்பந்திக்கு,

இன்று காலை கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அந்த நீலப் பை அகப்பட்டது. ஜிப்பைத் திறந்ததுதான் தாமதம், கருகிய பால் வாசனை மூக்கில் ஏறியது. நம் கூடாரம். மெல்பர்ன் விமான நிலையத்தில் அதை உள்ளே எடுத்துப்போய், ஒரு பொட்டு மண் இல்லாமல் கழுவித் தந்தார்கள், நினைவிருக்கிறதா? டென்மார்க்கின் சேறு நாட்டுக்குள் வந்துவிடக் கூடாதாம். சேற்றை எடுத்துவிட்டார்கள், பால் வாசனையை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது அது எங்கள் கொல்லைப்புறத்தில் நிற்கிறது, கொஞ்சம் கோணலாக. நீங்கள் இருந்திருந்தால் பேசாமல் அவிழ்த்துத் திரும்பக் கட்டியிருப்பீர்கள். உள்ளே நம் பேத்தி தன் பொம்மைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே, உங்கள் மடக்குக் கதிரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது.

அந்தப் பயணத்துக்கு முன்னால் நமக்குள் என்ன இருந்தது, யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைகள் காதலித்தார்கள், பையனின் அம்மா நீங்களும் பெண்ணின் அம்மா நானும் சம்பந்திகளானோம். கல்யாணத்தில் தாலிக்கொடியின் கனத்தைப் பற்றியும் கூறைச்சேலையின் நிறத்தைப் பற்றியும் இரண்டு பக்கமும் சிரித்த முகத்தோடு சண்டை போட்டோம். உங்களுக்கு என் சாம்பார் இனித்தது, எனக்கு உங்கள் குழம்பு காதுவரைக்கும் எரிந்தது. பிறந்தநாள், தீபாவளி என்று வரும்போது பழத்தட்டோடு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "போட்டு வாறன்" என்று எழுந்து போவீர்கள். நானும் அப்படித்தான். இருவருக்கும் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

உங்கள் வீட்டில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்று. எனக்குத்தான் செருப்பு கோணலாகக் கிடந்தால் கை சும்மா இருக்காதே. டண்டினொங்கில் உங்கள் வாசலில் குனிந்து எல்லோருடைய செருப்பையும் சுவரைப் பார்த்து ஒழுங்காக அடுக்குவேன். உங்களுடையதை மட்டும் நீங்கள் திரும்ப வெளியே பார்க்க வைத்துவிடுவீர்கள். காலை நுழைத்தால் அப்படியே நடக்கலாம் என்பதுபோல. யாழ்ப்பாணத்து வழக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தியிடம் போய் அதையெல்லாம் கேட்பார்களா?

பிறகு அந்த டிக்கெட் வந்தது. பிள்ளைகள் இருவரும் டென்மார்க்கில் நடக்கும் ஒரு இசை விழாவுக்கு எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு வாரம் வயல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கிப் பாட்டுக் கேட்பதாம். அதற்குள் என் மகளுக்கு மசக்கை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியை விட்டுவிட்டு மாப்பிள்ளையும் போகமாட்டார். "டிக்கெட் வீணாப் போகுதே" என்று நான்தான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை விளையாட்டாக, "அப்ப நீங்கள் ரெண்டு பேரும் போங்கோவன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, "ஓம், நான் போறன்" என்றீர்கள்.

மாப்பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஏனென்றால் நீங்கள் கூடாரத்தின் பக்கமே போகாதவர். பிள்ளைகள் மலைப்பக்கம் கேம்பிங் போகக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் நின்றவர். த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு எல்லோருமாகப் போயிருந்த அன்று, சாப்பாட்டுக்காகக் கட்டியிருந்த வெள்ளைக் கூடாரத்துக்குள் வராமல், வெயிலில் நின்றபடியே தட்டை முடித்தவர். எல்லோரையும்விடப் பிடிவாதமாக அதைத் தவிர்த்த நீங்கள்தான் போகிறேன் என்றீர்கள். உங்களைத் தனியாக அனுப்ப முடியுமா? நானும் வருகிறேன் என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. திருச்சியில் நான் படித்த காலத்தில் என் அறைத்தோழியிடம் ஒரு கேசட் இருந்தது. கிடாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடும் ஒரு வெள்ளைக்காரி. அர்த்தம் பாதி புரியாது, ஆனாலும் விடுதியில் விளக்கணைத்த பிறகும் அந்தக் குரல் காதுக்குள் இருக்கும். விழாவில் பாடுகிறவர்களின் பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. அவளுக்கும் இப்போது என்னைப்போல் தலை நரைத்திருக்கும். அவளை நேரில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, விமானத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் "கட்டாயம் கேக்கவேணும்" என்றீர்கள்.

பெட்டி கட்டியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. இசை விழா என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழிக் கச்சேரிதான். வயல் என்றார்கள், கூடாரம் என்றார்கள், எல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் மேடைக்கு முன்னால் நாற்காலியும் பக்கத்தில் ஒரு கேன்டீனும் இல்லாமலா இருக்கும் என்று இரண்டு பட்டுப்புடவையை எடுத்து வைத்தேன். நீங்கள் வறுத்த மிளகாய்த்தூளும் டின் மீனும் இந்தக் கதிரையும் கொண்டுவந்தீர்கள். "கதிரை என்னத்துக்கு சம்பந்தி?" என்று உங்கள் பாணியிலேயே கேட்டேன். "இருக்கிறதுக்கு" என்றீர்கள்.

டென்மார்க்கில் இருக்கும் உங்கள் தங்கச்சிதான் நம்மைக் காரில் கொண்டுபோய் இறக்கினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கூடாரம், கொடி, பீர் டப்பா, அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகள். பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் அவர் உங்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அக்காவுக்கு விசர். நீங்களும் சேர்ந்து வந்திருக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வயலில் நாற்காலி என்று இருந்தது நீங்கள் கொண்டுவந்த ஒன்றுதான்.

பையில் இருந்த படத்தைப் பார்த்து நான் கம்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கூடாரத்தைக் கட்டி முடித்துவிட்டீர்கள். நிலம் எங்கே சாய்கிறது என்று பார்த்து மேடான இடமாக எடுத்தீர்கள். பிறகு சோற்றுக் கரண்டியால் கூடாரத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டினீர்கள். பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பச்சைத் தலைமுடிப் பெண் அதை வேடிக்கை பார்த்தாள்.

"எப்படி சம்பந்தி இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டேன்.

"எத்தினை கட்டியிருப்பன்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

பால் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். ஒரு வாரம் தங்கப்போகிற இடம், பால் பொங்காமல் எப்படிப் படுப்பது? "இது என்ன வீடே?" என்று முகத்தைச் சுளித்தீர்கள். நான் கேட்கவில்லை. சின்ன கேஸ் அடுப்பை வாசலிலேயே வைத்து, கிழக்கு எது என்று தெரியாமல் சூரியனைத் தேடி, குத்துமதிப்பாக ஒரு பக்கம் பார்த்துப் பாலை ஏற்றினேன். அது பொங்கியது. நன்றாகத்தான் பொங்கியது. அடுப்பு, புல், கூடாரத்தின் மடிப்பு எல்லாவற்றிலும் வழிந்து புகைந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள். அடுப்பு மூட்ட வேறு இடம் இருக்கிறதாம், கூடார வாசலில் கூடாதாம். நான் என் இங்கிலீஷில் புது வீடு, எங்கள் வழக்கம் என்று விளக்கி, அவள் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டேன். அவள் குடித்துவிட்டு, "நல்ல வீடு" என்று சொல்லி அடுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள்.

தூரத்தில் நின்ற நீங்கள் அப்போதுதான் கிட்ட வந்தீர்கள். மிச்சப் பாலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "உங்கட மருமகன் கூடாரத்துக்கதான் நடக்கப் பழகினவன். அப்ப பால் இல்லை. வெறும் தேத்தண்ணிதான் குடுத்தனான்."

என் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளை சின்ன வயதில் கஷ்டப்பட்டார் என்று பொதுவாகத் தெரியும். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடினீர்கள் என்றும் தெரியும். ஆனால் அவர் தத்தித் தத்தி நடந்த தரை எது என்று நான் யோசித்ததே இல்லை. நீங்கள் கதிரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னீர்கள். "எங்களை ஓடச் சொன்னாங்கள், ஓடினம். கூடாரம் தந்தாங்கள், படுத்தம். நான் விரும்பிப் போய்ப் படுக்கேல்லை சம்பந்தி. ஒருக்காவது நானா விரும்பி ஒரு கூடாரத்துக்க போய் நித்திரை கொள்ளவேணும். அப்பதான் எனக்கு அது முடியும்."

மற்றவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள். நீங்கள் தூங்க வந்தீர்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கும் அந்த வாரத்தில் வேறு வேலை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் தூக்கம் உங்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே கோடையில் இருட்டுவதற்கே மனமில்லை. நான் உள்ளே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பேன், காலையில் எழுந்து பார்த்தால் நீங்கள் வாசலில், கதிரையில், செருப்புக் காலோடு உட்கார்ந்திருப்பீர்கள். விழாவின் நுழைவாயிலில் எல்லோருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள், நீங்கள் வாங்கவில்லை. "காது திறந்திருக்கவேணும்" என்றீர்கள். செருப்பு ஏன் எப்போதும் வெளியே பார்க்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனை தடவை நான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு தடவைகூட என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. என் பாட்டுக்காரி பெரிய மேடையில் பாட வேண்டிய நேரம். கிளம்பத் தயாராக நின்றோம். உங்கள் முகம் சாம்பலாகியிருந்தது, நின்றபடியே கண் சொருகியது. உள்ளே போய்க் கொஞ்சம் சாயுங்கள் என்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள்.

"மழைக்க ஏலாது" என்றீர்கள். "மழை பெய்தா மற்றச் சத்தம் கேக்காது. பக்கத்தில வந்து விழும்வரைக்கும் தெரியாது."

இங்கே என்ன குண்டு விழப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கே தெரியும், தெரிந்துதான் இத்தனை வருஷமும் விழித்திருந்தீர்கள். எனக்கு என்ன தோன்றியதோ, "நான் வாசல்ல உக்காந்து கேக்குறேன் சம்பந்தி. ஏதாச்சும் சத்தம் வந்தா எழுப்புறேன். நீங்க தூங்குங்க" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நல்லாக் கேப்பியளே?"

"நல்லாக் கேப்பேன்."

"உங்கட பாட்டுக்காரி?"

"அவ எங்க போயிடப் போறா. கேசட்ல இருக்கா."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனீர்கள். களைப்பில் செருப்பை உதறிவிட்ட வேகத்தில் ஒன்று பக்கவாட்டில் போய் விழுந்தது, மற்றது குப்புறக் கிடந்தது. என் கை வழக்கம்போல நீண்டது. நேராக்கினால் எந்தப் பக்கம் பார்த்து வைப்பது? வெளியே பார்த்து வைத்தால் ஓடச் சொன்னதுபோல் ஆகும். கையை இழுத்துக்கொண்டேன்.

சம்பந்தி, என் வாழ்க்கையில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதுபோல் ஒன்றையும் கேட்டதில்லை. துணியில் மழை விழும் சத்தத்தை முதலில் ஒதுக்கினேன். அதற்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள், சரி. ஒரு டப்பா உருண்டது, சரி. 'தும்' என்று தூரத்தில் ஒன்று கேட்டு என் முதுகு நிமிர்ந்தது. டிரம் அடித்துப் பார்க்கிறார்கள், சரி. வானத்தில் ஒரு உறுமல், அது இடி. ஒவ்வொன்றாகப் பிரித்து, இன்னது என்று தெரிந்த பிறகே மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தலை வலித்தது. உங்கள் காது இந்த வேலையை எத்தனை வருஷம் ஓய்வில்லாமல் செய்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து குறட்டை வந்தது. சின்னக் குறட்டை இல்லை. பச்சைத் தலைமுடிப் பெண் தன் கூடாரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர்களின் பாய் எல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது, நம்முடையது உங்கள் வாய்க்கால் புண்ணியத்தில் காய்ந்து கிடந்தது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, கூட இருந்தவர்களின் ஸ்பீக்கரைப் போய் அணைத்தாள். அந்தப் பெண்ணுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி உண்டு.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. வயலின் அந்தக் கோடியிலிருந்து, மழை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், கேசட்டில் கேட்ட அதே பாட்டு. வார்த்தை எதுவும் புரியவில்லை, மெட்டு மட்டும் வந்து சேர்ந்தது. குரல் கிழண்டுபோயிருந்தது, ஆனாலும் அவள்தான். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் உங்கள் குறட்டை. இரண்டையும் கேட்டுக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம்தான் எழுந்தீர்கள். கன்னத்தில் பாயின் கோடு.

"ஏதும் கேட்டதே?"

"ஒண்ணும் கேக்கல."

"பாட்டு?"

"அது கேட்டுச்சு."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினீர்கள். ஒன்று அகப்பட்டது, மற்றது அகப்படவில்லை. கடைசியில் வாய்க்காலுக்குள் கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு உங்களிடம் பார்த்ததில்லை.

கடைசி நாள் என் பட்டுப்புடவைகளுக்கு விடிவு காலம் வந்தது. "கொண்டுவந்ததை உடுக்காமல் திருப்பிக் கொண்டுபோறதே?" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு மாம்பழ நிறம், உங்களுக்கு என்னுடைய அரக்கு. கீழே ரப்பர் பூட்ஸ். சேற்றில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய மேடைக்கு நடந்தபோது பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். பாடிக்கொண்டிருந்தவன் கையை ஆட்டினான். நீங்களும் கவர்னர் மாதிரி கையை ஆட்டினீர்கள். பச்சைத் தலைமுடிப் பெண் எடுத்த அந்தப் படம்தான் இப்போது உங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. மற்றப் படங்களில் எல்லாம் நீங்கள் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிற்கிறீர்கள்.

திரும்பி வந்த பிறகு சோபா நுனியில் உட்காரும் உறவு நமக்கு ஒத்துவரவில்லை. நீங்கள் நேராக என் குசினிக்கு வந்தீர்கள், குழம்பில் தூளைக் கூட்டினீர்கள், நான் உங்கள் சம்பலில் சீனி போடுவேன் என்று மிரட்டினேன். ஸ்பிரிங்வேலில் மீன் வாங்கப் போனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே வாங்கினோம். அதைவிட, மழை. மேற்கிலிருந்து வரும் மழை எங்கள் வீட்டைத் தாண்டித்தான் டண்டினொங்குக்கு வரும். முதல் தூறல் விழுந்ததும் நான் உங்களுக்குப் போன் செய்வேன். "இங்க வந்துடுச்சு சம்பந்தி. நான் கேட்டுக்கிட்டிருக்கேன், நீங்க தூங்குங்க." "ஓம், கவனமாக் கேளுங்கோ" என்பீர்கள். அடுத்த முனையில் போனை வைக்கும் முன்பே கொட்டாவி வரும். நம் வீட்டு ஆட்களுக்கு இது ஏதோ கேலிப் பேச்சு. அவர்களுக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் உங்களுக்கு உதவி செய்தேன் என்று நீங்கள் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அது முழு உண்மை இல்லை. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் எல்லோருக்கும் சமைத்தேன், வேலைக்குப் போனேன், செருப்பை அடுக்கினேன். யாரும் தங்கள் பயத்தை என் கையில் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள். அதற்குத்தான் என் நன்றி. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இதை நேராகச் சொல்லியிருந்தால், "விசர்க்கதை கதையாதேங்கோ" என்று எழுந்து தேத்தண்ணி போடப் போயிருப்பீர்கள்.

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு அடங்கிய அன்றும் மழைதான். காலையில் நான் வந்தபோது கண் மூடியிருந்தீர்கள். வழக்கம்போல் சொன்னேன், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. உங்கள் விரல் என் கையில் லேசாக அசைந்தது. எல்லாம் முடிந்து, பிள்ளைகள் வெளியே நின்று அழுதபோது உங்கள் சாமான்களை நான்தான் எடுத்து வைத்தேன். கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடினேன். ஒன்று சக்கரத்துக்கு அருகே, மற்றது சுவரோரமாகத் தலைகீழாக. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

இதோ, தூறல் விழுந்துவிட்டது. "பாட்டி, இட்ஸ் ரெயினிங்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "நோ" என்றாள், எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பொம்மைகளோடு பேசிக்கொண்டிருந்தவள் இப்போது சத்தமில்லாமல் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகத் தூங்குகிறாள். உங்களைப்போலவே வாயைத் திறந்து. வாசலில் அவளுடைய குட்டிச் சப்பாத்துகள், ஒன்று புல்லில், மற்றது குப்புற.

என் கை நீண்டது. பிறகு குடையை விரித்துக்கொண்டு உங்கள் கதிரையில் உட்கார்ந்தேன். சப்பாத்துகள் கிடந்தபடியே கிடக்கின்றன சம்பந்தி. மழை இனி டண்டினொங் பக்கம் போகும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.